பத்தாவது கடை

மணி நாலேகால். சாயங்கால வேளையில் என்ன பேய் என்று கேட்காதீர்கள்... அந்த ஊரில் குளிர்காலம் வந்தால் மூன்று மணிக்கே இருட்டிவிடும். தெருவில் ஆள் கிடையாது. ஒரு பக்கம் ரயில் பாதையின் கம்பிவேலி. இன்னொரு பக்கம் பூட்டிக் கிடக்கும் கிடங்குகளின் நீளச் சுவர். காதை மப்ளருக்குள் புதைத்துக்கொண்டு, வாய்க்குள் யாரையோ திட்டிக்கொண்டே ஒருவன் நடந்து வருகிறான்.

அவன் என் சிநேகிதியின் தம்பி. வெளிநாட்டுக்குப் படிக்கப் போனவன். சாப்பாட்டில் ஆயிரம் நொட்டை சொல்வான் என்பதால் வீட்டில் அவனுக்குப் பெயர் துரை. இந்தக் கதையை அவள்தான் என்னிடம் சொன்னாள்; சொல்லும்போது சிரிக்கவில்லை. மின்சாரம் எப்போது வருமோ தெரியாது... இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

அந்த ஊரில் இறங்கிய நாளிலிருந்து துரைக்கு எரிச்சல்தான். ஆய்வுக்கூடத்தில் நாலு மணி வரை அசைய முடியாது; கேன்டீன் இரண்டுக்கே மூடிவிடும். விடுதிச் சமையலறையில் அடுப்பு காலியாக இருந்தால் பாத்திரம் இருக்காது. பாத்திரம் இருந்தால் அதில் யார் பொரித்த முட்டையோ ஒட்டிக் கிடக்கும். அலைந்து திரிந்து ஒரு கடையைப் பிடித்து, பரவாயில்லை என்று நாலு நாள் போனால் ஐந்தாம் நாள் அதை இழுத்து மூடிவிடுவார்கள்.

"நீ கால் வெச்ச கடை ஏதாவது உருப்பட்டிருக்காடா?" என்று அறைத்தோழன் கேலி செய்வான். அவனைக் குறட்டை என்றே வைத்துக்கொள்வோம். துரையின் தூக்கத்தைக் கெடுத்த புண்ணியவான்.

இந்த லட்சணத்தில் மாணவர் அலுவலகத்திலிருந்து ஒரு வேண்டுகோள். அடுத்த மாதம் புது மாணவர்கள் வருகிறார்கள். சாப்பிடவும் ஊர் சுற்றவும் உனக்குப் பிடித்த பத்து இடங்களை எழுதிக் கொடு என்றார்கள். துரை தலையில் அடித்துக்கொண்டான். ஆற்றோரப் பூங்கா, பழைய சினிமாக் கொட்டகை, முந்தாநாள் ரொட்டியைக்கூடச் சுடவைத்துத் தரும் பேக்கரி... முட்டி மோதி ஒன்பது சேர்த்தான். பத்தாவது கிடைக்கவில்லை.

அன்றைக்குப் பேராசிரியர் அவன் அறிக்கையை மூன்றாம் முறையாகத் திருப்பிக் கொடுத்திருந்தார். அந்தக் கடுப்பில்தான், குறுக்கு வழி என்று அந்தத் தெருவில் இறங்கினான்.

முதலில் வாசனை. எண்ணெயில் வெங்காயம் சிவந்து, கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் வருமே... அது. அப்புறம் சத்தம். அடிப்பிடித்த பாத்திரத்தைக் கரண்டியால் சுரண்டும் சத்தம். சர்ர்க்... சர்ர்க்... சுவரின் நடுவே ஒரு கதவு. உள்ளே மஞ்சள் வெளிச்சம். பெயர்ப்பலகை இல்லை.

ஆறு மேசை. ஈ காக்கை கிடையாது. ஒரே ஒரு சமையல்காரர். அவர் சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது. எதுவும் கேட்காமல் சூப்பும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார். துரை ஒரு வாய் வைத்தான். இன்னொரு வாய்... நொட்டை சொல்ல ஒன்றுமே இல்லை.

"பிடிச்சிருக்கா?" என்றார் சமையல்காரர்.

"ரொம்ப."

"அப்ப நாலு பேருக்குச் சொல்லுங்க."

வெளியே வந்து பத்தடி நடந்திருக்க மாட்டான்... பசித்தது. குடலைப் பிடுங்கும் பசி. குளிருக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். அன்றே அந்தக் கடையைப் பத்தாவதாக எழுதி, கீழே தன் பெயரையும் போட்டு அலுவலகத்தில் கொடுத்துவிட்டான்.

மூன்று வாரம் தினமும் போனான். தினமும் வயிறு முட்டச் சாப்பிட்டான். ஆனால் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. வீடியோவில் பார்த்த அக்கா பதறிவிட்டாள்.

"என்னடா, கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சு? சாப்பிடுறியா இல்லையா?"

"மூக்கு முட்டத் தின்னுட்டு வரேன்க்கா! நீ நம்பலைன்னா நான் என்ன பண்றது?"

குறட்டையும் நம்பவில்லை. சரி, வந்து பார் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான் துரை. தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மூன்று தடவை நடந்தார்கள். சுவர்... சுவர்... சுவர்தான்.

"இதைக் காட்டத்தான் இந்தக் குளிர்ல இழுத்துட்டு வந்தியா?" என்று குறட்டை வழி முழுக்கப் புலம்பினான்.

மறுநாள் மாணவர் அலுவலகப் பெண்மணி போன் செய்தார். "அந்தத் தெருவுல சாப்பாட்டுக் கடையே கிடையாதே. அதை எடுத்துட்டு ஒன்பதோட அச்சுக்குக் குடுத்தாச்சு."

"நான் தினம் சாப்பிடுற கடைங்க அது!"

போன் வைக்கப்பட்டுவிட்டது. துரைக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. பேராசிரியர் அறிக்கையை நம்பவில்லை, அக்கா நம்பவில்லை, கூட இருப்பவன் நம்பவில்லை... ஒரு சூப்புக் கடைக்குமா சாட்சி வேண்டும்? படம் எடுத்து எல்லோர் மூஞ்சியிலும் விட்டெறிகிறேன் என்று தனியாகக் கிளம்பினான்.

கதவு இருந்தது. வெளிச்சம் இருந்தது.

அன்றைக்கு ஆறு மேசையும் நிறைந்திருந்தன. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லோரும் இளவயதுக்காரர்கள். தோளில் பை. மணிக்கட்டில் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. தட்டுகள் காலி... காலித் தட்டைத்தான் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். சர்ர்க்... சர்ர்க்...

துரை போனைத் தூக்கினான். திரையில் கடை இல்லை. மேசை இல்லை. ஈரம் பூத்த சுவர் மட்டும், மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில்.

காதோரம் சமையல்காரரின் குரல். "படம் எதுக்கு? அதான் பேரைப் போட்டு எழுதிக் குடுத்துட்டீங்களே... அது போதும்."

எப்படி ஓடினான் என்று அவனுக்கே தெரியாது. அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. இரண்டு நாளில் பசி அடங்கியது. இரண்டு வாரத்தில் கன்னம் தேறியது. அச்சடித்து வந்த தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒன்பது இடங்கள்தான். பெருமூச்சு விட்டான்.

புது மாணவர்கள் வந்தார்கள். அதில் நம் மொழி பேசும் பெண் ஒருத்தி. பத்து நாள் கழித்து நூலகப் படிக்கட்டில் அவளைப் பார்த்த துரைக்குத் திக்கென்றது. முகம் அப்படி வற்றியிருந்தது.

"ஏம்மா, உடம்பு சரியில்லையா?"

"இல்லண்ணா, நல்லாத்தான் சாப்பிடுறேன். அந்த ரயில் ரோட்டுக் கடை இருக்கே, சுவர் நடுவுல..."

துரை அவள் பேச்சை வெட்டினான். "உனக்கு யார் சொன்னா? தாள்ல அது இல்லவே இல்லையே! இனிமே அந்தப் பக்கம் போகாத. செத்தாலும் போகாத. புரியுதா?"

அவள் அவனை விசித்திரமாகப் பார்த்தாள்.

"என்னண்ணா இப்படிச் சொல்றீங்க? தினமும் மூணரை மணிக்கு நீங்கதானே என் ரூம் கதவைத் தட்டிக் கூட்டிட்டுப் போறீங்க."