மைக்கை அணைத்துவிட்டுப் படியுங்கள்

இந்தக் கூட்டத்தைத் தலைமையேற்று நடத்தும் போதகர் ஹோம்க்விஸ்ட் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆர்விட் ஸ்ட்ராண்ட் அவர்களே, சோள விதைப்பை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கும் இவ்வூர்ப் பெரியோர்களே, இரண்டு வருடம் ஒன்றாகப் படித்துவிட்டு இன்றுதான் ஒருவரையொருவர் நேரில் பார்க்கும் ஐந்து மாணவர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் கணக்கு ஆசிரியன். முனைவர் வில்ஹெல்மினா ஸ்ட்ராண்ட் அம்மையார் வேலை பார்த்த அதே இணையவழி உயர்நிலைப் பள்ளியில் நானும் வேலை பார்க்கிறேன். ஒன்பது வருடப் பழக்கம். ஆனால் அம்மையார் என்னைவிட உயரம் என்பது இன்று காலையில் அவர் கணவர் ஆர்விட் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்கள் பள்ளியில் எல்லோரும் மார்பளவு மனிதர்கள். திரைக்குக் கீழே யாருக்கும் கால் கிடையாது.

அவர் நடத்தியது உயர்நிலை லத்தீன் கவிதை. மாணவர்கள் அவரை ‘மகிஸ்த்ரா’ என்று அழைப்பார்கள். லத்தீனில் ஆசிரியை என்று பொருள். யார் வந்து படித்தார்கள் இதை? வயோமிங்கில் மாட்டுப் பண்ணைக்கு நடுவே வாழும் மாரென் படித்தாள். அலாஸ்காவில் மீன்பிடித் தீவு ஒன்றிலிருந்து எலியாஸ் படித்தான். இங்கே இருக்கும் மற்ற மூவரும் அப்படித்தான். அவர்கள் ஊர்ப் பள்ளிகளில் லத்தீன் இல்லை. சில ஊர்களில் பள்ளியே இல்லை. மகிஸ்த்ராவை விட்டால் இவர்களுக்கு நாதி கிடையாது. நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

கவிதையை வாய்விட்டுப் படிக்க வேண்டும், அதுவும் எல்லோரும் சேர்ந்து படிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. இணையத்தில் அது நடக்கிற காரியமா? ஒருவர் குரல் இன்னொருவர் காதுக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர் அடுத்த சீருக்குப் போயிருப்பார். ஐந்து பேர் சேர்ந்து படித்தால் சந்தைக் கூச்சல்தான். அதனால் அம்மையார் ஒரு சட்டம் போட்டார். மைக்கை அணைத்துவிட்டுப் படியுங்கள். அவர் குரல் மட்டும் எல்லோருக்கும் கேட்கும். அதோடு சேர்ந்து ஐவரும் தங்கள் தங்கள் அறையில் உரக்கப் படிப்பார்கள். யாருக்கும் யார் குரலும் கேட்காது. அவர் உதடுகளைப் பார்த்துக்கொண்டே வருவார். நானே ஒருமுறை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

“மாரென், மாடு ஓடிப்போயிடும்னு பயந்துட்டே படிக்கிறியாம்மா? ரெண்டாம் சீர்ல நெடிலை முழுங்கிட்ட.”

“என் மைக் ஆஃப்லதானே இருந்துச்சு மகிஸ்த்ரா, உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?”

“உன் வாய் ஒண்ணும் ஆஃப்ல இல்லையே.”

இப்படி ஒரு ஆசிரியையை இனி எங்கே போய்த் தேடுவது? எந்த ஊரில் தேடுவது?

போன இலையுதிர் காலத்தில் அவருடைய நுரையீரலில் நோய் வந்தது. குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. உலகத்தில் வேறெந்த வகுப்பாக இருந்தாலும் பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்திருப்பார்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் குரல் கேட்கவில்லை என்றால் ஒரே ஒரு காரணம்தான் தெரியும். எலியாஸ் கைதூக்கினான்.

“மகிஸ்த்ரா, உங்க மைக் பழுதாயிடுச்சு. செட்டிங்ஸ்ல போய் சத்தத்தைக் கூட்டிப் பாருங்க.”

“பாக்கறேம்ப்பா.”

அவன் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறான். அவன் அப்பா மீனவர். நல்ல மைக் ஒன்றை வாங்கித் தபாலில் அனுப்பிவிட்டார். அம்மையார் அதை மாட்டிக்கொண்டு, உதடு படுகிற அளவுக்குக் குனிந்து, அன்று வகுப்பு எடுத்தார். “இப்பத் தேவலை மகிஸ்த்ரா” என்று ஐந்து பேரும் சந்தோஷப்பட்டார்கள்.

ஆர்விட் என்னிடம் சொன்னார். அன்று மாலை அவர் மனைவியிடம் சண்டையே போட்டிருக்கிறார்.

“சொல்லித் தொலையேன் மினா. பிள்ளைங்க மைக்குக்கு மைக் மாத்திட்டு இருக்காங்க.”

“சொன்னா ரெண்டு வாரம் அழுவாங்க. அந்த ரெண்டு வாரத்துல காவியத்தோட நாலாம் காண்டத்தை முடிச்சிடலாம்.”

இது தைரியமா, பிடிவாதமா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நாலாம் காண்டம் முடிந்தது. அதற்கடுத்த காண்டம் முடியவில்லை.

அவர் ஞாயிற்றுக்கிழமை காலமானார். மறுநாள் வகுப்பு நேரத்துக்கு ஐந்து பேரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர் நாற்காலியில் ஆர்விட் வந்து அமர்ந்தார். அந்தக் கணினியை அவர் அதற்குமுன் தொட்டதில்லை. நடந்ததை எல்லாம் சொன்னார். எப்படிப் போனாள், கடைசியில் என்ன பேசினாள், எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பிள்ளைகள் ஐவரும் காதைத் தொட்டுக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். மைக் அணைந்திருந்தது. மாரென் ஒரு காகிதத்தில் ‘மைக்’ என்று பெரிதாக எழுதிக் காட்டவே, அவர் அந்தப் பொத்தானைத் தேடிப் பிடித்து அழுத்தி, முதலிலிருந்து மறுபடியும் சொன்னார். பெரியோர்களே, அந்த மனிதரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

அதன்பிறகு பள்ளி என்ன செய்தது? வகுப்பை மூடிவிட்டது. அடுத்த வருடத்துக்குச் சேர்ந்திருந்த மூன்று பேரை ஸ்பானிஷுக்கு மாற்றிவிட்டது. மாரென் தலைமையாசிரியரைத் தொலைபேசியில் பிடித்தாள்.

“எங்களுக்கு வாத்தியார் வேணாம் சார். அந்த ஆன்லைன் ரூமை மட்டும் மூடாதீங்க. நாங்களே வந்து படிச்சிட்டுப் போறோம்.”

“ஆசிரியர் இல்லாத அறையைத் திறந்து வைக்க விதி இடம் கொடுக்காதும்மா.”

நான் போய்க் கேட்டேன். எனக்கும் அதே பதில்தான். இம்மாதக் கடைசியில் அந்த அறை அணைந்துவிடும். இவர்கள் ஐந்து பேரும் ஐந்து திசையில் தனியாக உட்கார்ந்து தேர்வுக்குப் படிப்பார்கள். வேறு வழி இருந்தால் யாராவது சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

அன்பர்களே, இப்படிப்பட்ட மேடைகளில் அன்னார் விட்ட பணியை நாங்கள் தொடர்வோம் என்று சூளுரைப்பது வழக்கம். எனக்கு வாய் வரவில்லை. யார் தொடர்வது? எனக்கு லத்தீனில் ஒரு வரிகூடத் தெரியாது. தெரிந்தவர்களைப் பள்ளி தேடவும் இல்லை. அம்மையாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இன்று காலை இந்தக் கூடத்தின் பின்புறம் ஐவரும் ஒன்றாக நின்று படித்துப் பார்த்தார்கள். அவர் கடைசியாக நடத்திய அடிகள் அவை. இடையில் கம்பி கிடையாது, தாமதம் கிடையாது, மைக்கும் கிடையாது. ஒருவர் படிப்பதை ஒருவர் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டார்கள். ஐந்து குரலும் பிசகாமல் போய்க்கொண்டே இருந்தது. திடீரென்று ஒரு சொல்லின் பாதியில் ஐந்து பேரும் சேர்ந்து நின்றார்கள். பிறகு சேர்ந்தே மீதிப் பாதியைச் சொன்னார்கள். எனக்கு அந்த மொழி தெரியாவிட்டாலும் அது இடறியது.

“அந்த இடத்துல நிறுத்தணுமாம்மா?” என்று மாரெனைக் கேட்டேன்.

“இல்ல சார். சொல்லுக்கு நடுவுல யாரும் நிறுத்த மாட்டாங்க. தப்பு.”

“பின்ன ஏன் நிறுத்தறீங்க?”

“மகிஸ்த்ரா அங்கதான் நிறுத்துவாங்க.”

ஆர்விட் அப்போது பக்கத்தில்தான் இருந்தார். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

இப்போது அந்த ஐவரும் மேடைக்கு வந்து படிப்பார்கள். பாதிச் சொல்லில் நிற்பார்கள். மறந்துவிட்டார்கள் என்று நினைத்து யாரும் எடுத்துக்கொடுக்க முயல வேண்டாம், முடிந்துவிட்டது என்று கைதட்டிவிடவும் வேண்டாம். அங்கே மகிஸ்த்ரா மூச்சு வாங்குகிறார். வாங்கி முடிக்கும்வரை தயவுசெய்து பொறுத்திருங்கள்.