துரை உக்கார்ற ரூமு

—அல்லா மேல ஆணை, முத்திருளண்ணே. அஞ்சாங் கிளாசு மாடியிலேர்ந்து கீழ எறங்கிருச்சு. நாளைக்கே ஒங்க மக தங்கப்பொண்ணத் தூக்கிட்டு வாங்க.

—எறங்கும்னு தெரியும் வாத்தியாரய்யா.

—என்னண்ணே, சந்தோசமாவே இல்லியே?

—போன வருசம் எம்புட்டுக் கெஞ்சினேன்? காலு வெளங்காத புள்ள, கீழ ரூமக் குடுங்கன்னு.

—நான் என்ன செய்ய? அது இன்ஸ்பெக்டர் துரை வந்தா உக்கார்ற ரூமுன்னுட்டாரு மானேசர் ராவுத்தர்.

—வருசத்துல ஒரு நா வர்ற துரைக்கு. மத்த நாளெல்லாம் பூட்டிக் கெடக்கு.

—நீங்கதான் காலையில மாடிக்குத் தூக்கியாந்து விட்டீகளே.

—விட்டுட்டு வயலுக்குப் போயிருவேன். ஒதுங்கணும்னா யாரு எறக்கி விடுவா? அதுக்குப் பயந்து பச்சத் தண்ணி பல்லுல படாம சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்திருக்கா. மயங்கி விழுந்த பொறவுதான் எனக்கே தெரியும். அதுக்கப்புறம் அவள அனுப்பல, நீங்களும் ரிஜிஸ்தர்ல பேர அடிச்சுட்டீக.

—என் கையாலதான் அடிச்சேன். அந்தப் பக்கத்தத் தொறக்க இன்னமும் கூசுது.

—இப்ப மட்டும் ரூமு தொறந்துருச்சாக்கும்.

—தெரியாத மாதிரி கேக்குறீக. ராவுத்தர் மகன் யூனுசு, பரவை சந்தைக்குப் போன வண்டியிலேர்ந்து விழுந்து காலு ஒடஞ்சான். நீங்கதான போயி எலும்பச் சேத்து மூங்கிப் பட்டைய வச்சுக் கட்டுனீக? அவனால மாடி ஏற முடியாதுன்னதும் ஒரே நாள்ல ரூமு காலி.

—எத்தன நாளைக்கு?

—அவன் காலு கூடுற வரைக்கும். நாப்பது நாளுன்னு நீங்கதான் சொன்னீகளாம்.

—பொறவு?

—பொறவு மாடிக்கே ஏத்தச் சொல்லிட்டாரு. மாசியில துரை வாராரு.

—நாப்பது நாளு படிச்சு எம்மக என்னய்யா ஆகப் போறா?

—பின்னக் கணக்க முடிச்சுருவேண்ணே, புத்திக்காரப் புள்ள. ஒண்ணு சொல்லவா? கட்ட அவுக்காம ரெண்டு மாசம் இழுங்களேன்.

—இழுக்குறதென்ன. கோணலா வச்சுக் கட்டிரணும்னுதான் போனேன். அவனும் ஆயுசுக்கும் நொண்டட்டும், ரூமு தொறந்தே கெடக்கும்னு.

—முத்திருளண்ணே.

—பய ‘வலிக்குது மாமா’ன்னு கையப் புடிச்சுக்கிட்டான். மனசு சொன்னத கை கேக்கல வாத்தியாரய்யா. நேராக் கட்டிப்புட்டேன். நாப்பது நாளுகூட ஆகாது, முப்பதுலயே ஓடிருவான்.