பஞ்சு சிக்கிய வில்

ஜோடியாக வில் வாங்க வருகிறவர்கள் ஒரே மாதிரி இரண்டு கேட்பார்கள், சட்டை எடுப்பதைப் போல. கை நீளம் வேறு, தோள் பலம் வேறு, குறி பார்க்கும் கண்கூட வேறு; வில் மட்டும் எப்படி ஒன்றாக இருக்கும்? ஆளை நிறுத்தி, கையை விரிக்கச் சொல்லி, அளந்துதான் கொடுப்பேன். அதற்கும் முன் வில்லின் மேல் பஞ்சை வைத்துத் தடவுவேன். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் பஞ்சு சிக்கும். சிக்கினால் அந்த வில்லை உடைத்துப் போட்டுவிடுவேன். என் கடை வில்லால் யாருக்கும் ஒரு நகம்கூடப் பெயர்ந்ததில்லை, ஐயா. வெளியாட்களை விசாரித்துப் பாருங்கள்.

என் மகனுக்கும் மருமகளுக்கும் நான்தான் வில் பார்த்துக் கொடுத்தேன். அவள் அவனைவிட நன்றாக எய்வாள். அதில் எனக்குப் பொறாமை கிடையாது.

“என்னங்க, உங்க அம்பு பலகைக்கு வருமா, இல்ல ஊரைச் சுத்திப் பாத்துட்டு வருமா?” என்பாள்.

“நீ அடி தாயே. நான் பொறுக்கிட்டு வரேன்,” என்று சிரிப்பான்.

பெற்ற பிள்ளை அம்பு பொறுக்குவதைப் பார்த்துக்கொண்டு எந்தத் தாய் சும்மா இருப்பாள்? நான் இருந்தேன்.

பிறகு அவளை அணியில் எடுத்தார்கள். வெளியூரில் பயிற்சி. தங்க வீடும் தருவார்களாம்.

“நானும் கூடப் போறேம்மா. கடையை நீ பாத்துக்குவேல்ல?” என்றான் மகன்.

“அதுக்கென்னப்பா, போயிட்டு வா,” என்றேன். முகம் கோணவில்லை.

கிளம்பும் நாளன்று அவள் வில்லை என்னிடம்தான் நீட்டினாள். “நீங்க ஒரு தடவை பாத்துக் குடுங்கத்தை. உங்க கை பட்டாத்தான் எனக்கு நிம்மதி.”

தடவினேன். மேல் வளைவில் பஞ்சு சிக்கியது. கிள்ளி எடுத்துவிட்டு, “நல்லா இருக்கும்மா. முழுசா இழுத்துப் பாரு,” என்றேன்.

முகத்துக்குப் பக்கத்தில் முறிந்தது. குறி பார்க்கும் கண் அன்றே போயிற்று. மற்றதும் மெல்ல மங்கிவிட்டது.

உடைந்த துண்டில் பஞ்சு இழை எப்படி வந்தது என்று கேட்டீர்கள். நான் கிள்ளியதில் மிச்சம் நின்றிருக்கும். எனக்கும் வயதாகிறதே.

இப்போது அவளுக்கு நானே ஊட்டிவிடுகிறேன். மகன் அவள் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போகிறான், கடை வாசல்வரை. இரண்டு பேருக்கும் ஒரே நடை. நான் பொருத்திக் கொடுத்த ஜோடிகளில் இவ்வளவு பொருந்தியவர்கள் யாரும் இல்லை.

எழுதிக்கொள்ளுங்கள், தெரிந்துதான் கொடுத்தேன். அவன் நன்மைக்காகத்தான் செய்தேன். அவனிடம் மட்டும் சொல்ல வேண்டாம், ஐயா. கோபித்துக்கொண்டு எங்காவது போய்விடுவான்.