ஓரம் வெட்டாத அத்தை

நான் நீட்டி முழக்கினால் மணியடிக்கக் காத்திருக்கும் அவைத்தலைவர் அவர்களே! முன்வரிசையில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளை மடியில் அடக்கி வைத்திருக்கும் தாய்மார்களே! நேற்றுவரை யாரோவாக இருந்து, இன்று உறவாக வந்து அமர்ந்திருக்கும் சொந்தங்களே! பேருந்தில் டிக்கெட் கிழிக்கிறவன் கையில் மைக் கிடைத்திருக்கிறது, பொறுத்தருள்க.

வாள் எடுத்தவரை வாழ்த்தியிருக்கிறோம். வில் எடுத்தவரை வியந்திருக்கிறோம். ஸ்கிரீன்ஷாட் எடுத்தவரை யார் வாழ்த்தியது? நான் வாழ்த்துகிறேன்! அதோ, தூணுக்குப் பின்னால் ஒளிகிறாரே, மருந்துக் கடையில் பில் போடும் என் அத்தை, அவரை வாழ்த்துகிறேன்!

என் அம்மாவும் அவர் தம்பியும் பெற்றோரை இழந்து, சிறு வயதிலேயே வேறு வேறு விடுதிகளில் சேர்க்கப்பட்டவர்கள். அந்தத் தம்பியைக் கைப்பிடித்தவர்தான் இந்த அத்தை. கணவரின் அக்காவைத் தேடி, கடையில் கூட்டம் குறையும்போதெல்லாம் பழைய விடுதிகளின் இணையப் பக்கங்களைத் துழாவினார். கண்ட படத்தையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்தார். முகத்தை மட்டுமா எடுத்தார்? இல்லை! பக்கத்தின் முகவரி, தேதி, படத்துக்குக் கீழே யாரோ எழுதிய குறிப்பு என்று முழுத் திரையையும் எடுத்தார். எந்த விடுதி, எப்போது எடுத்தது என்று பெயரிட்டு அடுக்கினார். அடையாளம் தெரியாத முகங்களுக்கு ‘யாரென்று தெரியாதவர்கள்’ என்று தனி ஃபோல்டரே வைத்தார்.

அத்தையின் மகன் சும்மா இருப்பாரா? "அம்மா, கம்ப்யூட்டர் மூச்சுத் திணறுது. மூஞ்சிய மட்டும் வெட்டி வெச்சுக்கிட்டு மத்தத அழிச்சிடு."

"அதுல கைய வெச்சுப் பாரு, அப்புறம் உன் துணிய நீயே தொவச்சுக்க," என்றார் அத்தை.

என்ன அங்கே பின்வரிசையில் சிரிப்பு? இப்போதும் தன் துணியை அத்தானேதான் துவைக்கிறாராமா? அப்படியானால் கை வைத்துப் பார்த்திருக்கிறார். உட்காருங்கள் அத்தான்.

ஒருநாள் செருப்புக் கடையில், மாமா அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார்: "சின்ன வயசுல ஒத்தச் செருப்போடதான் விடுதிக்குள்ள வந்தேன். இன்னொண்ணு எங்க போச்சுன்னே தெரியல."

அத்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாங்க வந்ததை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார், ஃபோல்டரைத் திறந்தார். வரிசையாய் நிற்கும் சிறுமிகள். கீழே, என்றோ நான் எழுதிய குறிப்பு: ‘ஓரத்தில் நிற்பவர் என் அம்மா. தம்பியை இழுத்துப் போனபோது அவன் செருப்பு ஒன்று அம்மா கையில் தங்கிவிட்டது. தெரிந்தவர்கள் அழையுங்கள்.’ அதையடுத்து என் தொலைபேசி எண்.

அந்த இணையப் பக்கம் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. ஓரத்தை வெட்டியிருந்தால் முகம் இருந்திருக்கும். என் எண் இருந்திருக்குமா? அம்மாவுக்குத் தம்பி கிடைத்திருப்பாரா?

நரைத்த தலையோடு வாசலில் வந்து நின்ற மாமாவிடம் அம்மா முதலில் கேட்டது இதுதான்: "காலு ரொம்பச் சுட்டுச்சாடா?"

யாரென்று தெரியாதபோதே எங்களைப் பத்திரமாக வைத்திருந்த அத்தைக்கு என் நன்றி. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி. தலைவர் மணியடிக்க வேண்டாம், முன்வரிசையிலிருந்து என் அம்மாவே கையைக் காட்டுகிறார்: "போதும்டா, தம்பிக்குப் பசிக்கும்."

வணக்கம்.