வாரத்துக்கு ஒரு மகாராணி

...மகாராணியாம், தங்கச்சி. வாரத்துக்கு ஒரு மகாராணி, இல்லன்னா ஒரு மகாராஜா. ரெண்டாங்கிளாஸ் புள்ளைங்களுக்கு. உன் பையனையும் அதே கிளாஸ்லதான சேர்த்திருக்க? அப்பக் கேட்டுக்க. உன் பக்கம் போற ட்ரைசிக்கிள் வண்டி வர நேரமாகும், உக்காரு.

கார்மினா டீச்சர் இருக்காளே, இலோயிலோ சிட்டியில படிச்சுட்டு வந்தவ, அவ பண்ற கூத்து. வெள்ளிக்கிழமையானா ஒரு நாற்காலிக்கு ஜிகினா ஒட்டி ஒரு புள்ளைய உக்கார வைக்கிறது. மத்ததுங்க ஒவ்வொண்ணா எந்திரிச்சு அதப் பத்தி நல்லதா ஒண்ணு சொல்லணும். அவ்வளவுதான். பரிசு கிடையாது, மெடல் கிடையாது. எதுக்கு இதுன்னு கேட்டேன். ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்சுக்கிட்டாத்தான் கிளாஸ் ஒரு குடும்பமாகும்ங்கிறா. குடும்பத்துல எவன் எவளப் பத்தி நல்லது பேசுறான், நீயே சொல்லு. எங்க வீட்டுக்காரர் கப்பல்ல இருந்து போன் பண்ணாருன்னா, ஃபேன ரிப்பேர் பண்ணியான்னுதான் கேப்பாரு.

எல்லாருக்கும் வரும்னா அப்புறம் அதுல என்ன பெருமை? போன மாசம் ஒரு பையன உக்கார வச்சா. பென்சில் சீவத் தெரியாது அவனுக்கு. அவன் கதவத் தொறந்து விடுவான்னு ஒருத்தி சொன்னாளாம். கதவத் தொறந்ததுக்குக் கைத்தட்டு... நம்ம காலத்துல கதவு தொறந்தாத் தொறந்ததுதான்.

என் மக லிஸெட் அப்படியா? கிளாஸ்ல முதல் ரேங்க். ஊர்த் திருவிழா ஃபியஸ்டாவுல பாட்டுப் போட்டியில ஜெயிச்சவ. அவ வாரம் வந்தப்ப சும்மா விட முடியுமா? புது கவுன் தைச்சேன். ஒரு அண்டா பன்சிட் நூடுல்ஸ் கிண்டுனேன். எதுவும் கொண்டு வர வேணாம், கிளாஸுக்குத் தெரியாத ஒண்ணு உங்க புள்ளையப் பத்திச் சொன்னாப் போதும்னா டீச்சர். தெரியாதது என்னத்தச் சொல்ல? மைக் போட்டுப் பாடுனவளப் பத்தி...

சரி, இந்தப் புள்ளைங்க என்னத்தையாவது உளறிடும்னு, காலையில ஸ்கூல் கேட்டுல நின்னு ஆளுக்கொரு மிட்டாய் குடுத்தேன். குடுத்து, 'லிஸெட் தேவதை மாதிரி பாடுவா'ன்னு சொல்லுங்கடான்னேன். இது தப்பா? நல்ல வார்த்தைதான?

மணியடிச்சது. நான் பின்னால சுவத்தோரமா நிக்கிறேன். முதப் புள்ளை எந்திரிச்சு, லிஸெட் தேவதை மாதிரி பாடுவான்னுச்சு. ரெண்டாவதும் அதையே சொல்லுச்சு. மூணாவதும்... வரிசையா, தங்கச்சி, கிளிப்பிள்ளை கணக்கா! நாலாவதுக்கே சிரிப்பு ஆரம்பிச்சிருச்சு. நாற்காலியில என் மக தலையக் குனிஞ்சவ குனிஞ்சவதான். டீச்சர் என்னைய ஒரு பார்வை பார்த்தா பாரு. நான் ஜன்னலப் பார்த்தேன்.

கடைசியா ரெனான்னு ஒரு பையன். அவங்கப்பன் மீன் எறங்குற ஃபிஷ் போர்ட்ல ஐஸ் தூக்குறவன். பையன் தினம் கிளாஸுக்கு லேட்டாத்தான் வருவான், அதனால அவனுக்கு மிட்டாய் போய்ச் சேரல. அவன் எந்திரிச்சு என்ன சொல்றான்...

"லிஸெட் தினம் என் கருவாட்டத் திருடித் தின்பா. அப்புறம் அபராதம்னு அவ கோழித்துண்ட என் டப்பாவுல போட்டுருவா."

கிளாஸே சிரிக்குது. என் மகளும் சிரிக்கிறா. நாலு பல்லு விழுந்த வாயத் தொறந்து, அப்படி ஒரு சிரிப்பு. வீட்டுல நான் பார்த்ததே இல்ல. உடனே மத்ததுங்களுக்கும் வாய் வந்துருச்சு. கண்ணாமூச்சியில கண்ண இடுக்கிப் பார்ப்பான்னு ஒண்ணு. நாய் குரைச்சா முன்னால வந்து நிப்பான்னு ஒண்ணு. பாட்டுக்கு முன்னாடி பயத்துல என் கையத்தான் பிடிச்சுக்குவான்னு ஒண்ணு. அவளுக்குப் பயமா? இதெல்லாம் ஒரு பாராட்டா? டீச்சரம்மா வேற மூக்க உறிஞ்சுறா.

எனக்கு அந்தக் கருவாட்டுப் பேச்சுதான் காதுல நிக்குது. நான் கருவாடு காயப்போட்ட தட்டிக்கு நடுவுல வளர்ந்தவ. ஸ்கூல்ல என் பக்கத்துல ஒரு புள்ளை உக்காராது, நாத்தம்னு மூக்கப் பொத்திக்கும். அந்த வாசமே என் வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு விடியறதுக்கு முன்னால எந்திரிச்சுக் கோழி பொரிச்சுக் கட்டிக் குடுக்கிறேன். இவ என்னடான்னா, திருடித் திங்கிறா.

வீட்டுக்கு வந்து கேட்டேன், ஏண்டி இப்படின்னு.

"எனக்கு அதான்மா பிடிக்கும். நீ கேட்டதே இல்லையே" அப்படின்னா. அதோட சரி. அதுக்கப்புறம் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. மிட்டாய் விஷயத்துல கோவமாம். எவனோ போட்டுக் குடுத்திருக்கான்.

இதுல அடுத்த கூத்தக் கேளு. வர்ற வெள்ளிக்கிழமை அம்மாமாரயும் அந்த நாற்காலியில உக்கார வைக்கப் போறாளாம். அவங்கவங்க புள்ளை எந்திரிச்சு அம்மாவப் பத்தி ஒண்ணு சொல்லணுமாம். முதல்ல என்னையத்தான் கூப்பிட்டிருக்கா. வேணும்னேதான்.

எனக்கென்ன பயம்? சொல்றதுக்கா இல்ல? கோழி பொரிச்சுக் குடுக்குறேன்... அது அவ திங்கிறதில்ல. பாட்டு கிளாஸுக்குக் கூட்டிட்டுப் போறேன்... அது... சரி, அத விடு. புது கவுனு... அது கழுத்துல அரிக்குதுன்னா.

நீயே சொல்லு, தங்கச்சி. இவ்வளவு நேரம் எங்கூட உக்காந்திருக்க. என்னையப் பத்தி நல்லதா ஒண்ணு. யோசிக்காம, வாய்க்கு வந்தத... ஒண்ணே ஒண்ணு...

எங்க எந்திரிச்சிட்ட? அது உன் பக்கம் போற வண்டி இல்லம்மா. அது ஃபிஷ் போர்ட்டுக்குப் போறது... தங்கச்சி... ஏறிட்டியா?