மைக் அண்ணனின் விசில்

மேடையில் வீற்றிருக்கும் நிலைய மேலாளர் ஐயா அவர்களே, சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, டிரைவர், கண்டக்டர் தோழர்களே! வண்டி கழுவிய என்னையும் பேச அழைத்தீர்கள். எல்லோருக்கும் வணக்கம்.

எனக்குப் படிப்பு கிடையாது. பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பது எனக்கு வெறும் கோடுதான். என்னைப் போன்றவர்களுக்கு வழி சொன்னது எது? நம் அறிவிப்பாளர் மைக் அண்ணன் அவர்களின் குரல்! "மருந்துச் சீட்டோட நிக்கிற அம்மா, ஆஸ்பத்திரி வண்டி கடைசி வரிசையில நிக்குது. மெதுவா வாங்க, டிரைவர் இன்னும் டீ குடிச்சு முடிக்கல" என்பார். நிலையமே சிரிக்கும்.

அந்தக் குரல் எப்படிப் போனது? நிலையத்தில் ஃபேன் ஓடியது அவர் அறையில் மட்டும்தான். ஓய்வுக்கு வந்தவர்கள் அங்கே உட்கார்ந்துதான் புகைத்தார்கள். மைக்கில் இரைச்சல் விழும் என்று ஜன்னலும் சாத்தியே கிடந்தது. அண்ணன் ஒருநாளும் சிகரெட்டைத் தொட்டவர் இல்லை. இழுத்தவர்கள் வண்டியேறிப் போனார்கள். புகை அண்ணனோடு தங்கிவிட்டது. கடைசியில் புற்றுநோய் என்று குரல்வளையை எடுத்தார்கள். மூச்சு விடக் கழுத்தில் ஒரு துளை மிஞ்சியது.

இது ஒரு வீட்டு நஷ்டமா? அவர் குரல் இல்லாமல் எத்தனை பேர் வண்டி மாறி ஏறினார்கள்! புகைத்துப் புகைத்து ஒரு டிரைவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தால் அன்றைக்கு அந்த வண்டி போகாது. அதற்காகக் காத்து நின்றவர்களில் யார் சிகரெட் பிடித்தார்? பரீட்சைக்குக் கிளம்பிய பெண்ணா? அவளை அனுப்ப வந்த தாயா?

அண்ணன் இனி வீட்டோடுதான் என்றோம். வந்தாரே! கண்டக்டர் விசிலைக் கழுத்துத் துளையில் வைத்து ஊதினாரே!

முதல் நாள், தூணோரம் சிகரெட் பற்றவைத்த ஒரு கண்டக்டர் முன்னால் போய் நின்றார். கோபத்தில் இரண்டு முறை ஊதிவிட்டார். இரண்டு விசில் என்றால் நமக்கு என்ன? 'போகலாம்!' அந்தக் கண்டக்டரின் வண்டியே கிளம்பிவிட்டது. சிகரெட்டை வீசிவிட்டு ஓடிக்கொண்டே அவர் கத்தினார்: "யோவ் மைக்கு! தொண்டை போயும் என் வண்டிய நீதான்யா அனுப்புற!" அண்ணன் தோள் குலுங்கச் சிரித்தார். அப்புறம் ஒற்றை விசில்தான். நிறுத்து!

"என் காசு, என் நெஞ்சு, உனக்கென்னய்யா?" என்று கேட்டவர்களும் உண்டு. அவர்கள் கையைப் பிடித்துத் தன் கழுத்துத் துளைக்கு முன்னால் வைப்பார். மூச்சு சுடும். கையிலிருந்த சிகரெட்டை அவர்களே கீழே போட்டு மிதிப்பார்கள்.

இன்று அந்த அறையில் ஒரு பெண் அறிவிக்கிறாள். அங்கே இப்போது யாரும் புகைப்பதில்லை, ஜன்னலும் திறந்திருக்கிறது. அண்ணன் ஊதித் திறந்த ஜன்னல் அது! அதை இனி யாரும் சாத்த விடமாட்டோம். புகை கண்ட இடத்தில் அவருக்காக நாம் ஊதுவோம்.

தலைவர் அவர்கள் அஞ்சலிக்காக மௌனமாக நிற்கச் சொல்வார். மன்னிக்கணும் ஐயா, அண்ணன் இருந்த மௌனமே போதும். கண்டக்டர் தோழர்களே, எழுந்திருங்கள். விசிலை எடுங்கள். இத்தனை காலம் நம் வண்டிகளை அனுப்பிவைத்தவர் இன்று புறப்படுகிறார்.

கொடுங்கள், இரண்டு விசில்!