பார்க்காமல் விட்ட வலது கை

பெயர் கேசவன், வயது 48, தகப்பனார் பெயர் பாஷ்யம், புதுப்பட்டினத்தில் குடியிருந்து கல்பாக்கத்தில் கிளார்க்காக வேலை செய்கிறேன். தெருவில் எல்லோரையும் சிரிக்க வைப்பவன் என்று பெயர். பாதிப் பேர் என் வழுக்கையைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். இறந்துபோன பிரபாவதி, வயது 39, என் மனைவி.

2001-ல் அவளுக்கு இடது கையில் நாடி மெலிந்துபோனது. ஸ்கேன் எடுத்த டாக்டர், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய்களின் சுவர் வீங்கி உட்புறம் சுருங்கும் நோய் என்று சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். இடது கையில் பிரஷர் குறைவாகத்தான் காட்டும், அதை நம்பாமல் வலது கையில் மட்டும் பார்க்க வேண்டும் என்று நோட்டில் எழுதிச் சிவப்பு மையில் கோடும் போட்டார். அதன் பிறகு மணிக்கட்டில் மாட்டும் மிஷின் வாங்கி நானே தினமும் பார்த்து வந்தேன். தெருவில் என்னைக் கம்பவுண்டர் என்றார்கள். எனக்குப் பெருமைதான்.

8.8.2003 வெள்ளிக்கிழமை வரலட்சுமி நோன்புக்கு பிரபாவதி வலது மணிக்கட்டில் சரடு கட்டிக்கொண்டாள். மறுநாள் காலை தலை வலிக்கிறது என்றதும் மிஷினை எடுத்து வந்தேன். "சரடு இடிக்குது, அவுத்துரட்டுமா?" என்று கேட்டாள். புருஷன் ஆயுசுக்காகக் கட்டும் சரடு என்பதால், "கட்டி ஒரு நாள் ஆகல, அதுக்குள்ள என்னை அனுப்பப் பாக்கறியா?" என்றேன். பக்கத்து வீட்டு ஜெசிந்தா அக்கா, "இந்த ஆளு வாயி கீதே!" என்றார். பிரபாவதி சிரித்துக்கொண்டே இடது கையை நீட்டினாள். 110 காட்டியது. "ராஜகுமாரி பிரஷர், போய் காபி போடு" என்றேன். போட்டாள். நோட்டில் எழுதியிருந்தது எனக்கு மறக்கவில்லை. சரடு கையில் இருக்கப்போவது இரண்டு நாள்தானே என்று விட்டேன்.

அதன் பிறகு ஞாயிறு மாலை மாடிக்குத் துணி எடுக்கப் போனவள் படியில் விழுந்தாள். வேனில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் டிரைவர், "சார், அக்காவுக்கு மூச்சு கீதா, பாரு" என்றார். நான் பார்த்தேன். அதன் பிறகு அவர் வேகமாக ஓட்டவில்லை. அழுத்தம் ஏறி மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருப்பதாகப் பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது.

மைத்துனர் ராகவன், "அந்த டாக்டர் மேல எழுதிக் குடுங்க மாமா, சும்மா வுடக்கூடாது" என்கிறார். டாக்டர் மீது எனக்குப் புகார் இல்லை. அவர் சரியாகத்தான் எழுதினார்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நான் மயங்கியதால் எனக்கும் பிரஷர் பார்த்தார்கள். நான் கேட்டுக்கொண்டபடி நர்ஸ் இரண்டு கையிலும் பார்த்தார். இரண்டிலும் 120. ஒரு குறையும் இல்லை, நன்றாக இருப்பீர்கள் என்றார்.

மேலே உள்ளதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் ஒரு சொல்லும் வேடிக்கைக்காகச் சொன்னதில்லை.

(ஒப்பம்) கேசவன்
11.8.2003